பட்டறை பிரிக்கும் முன்

டீ வேண்டாம். சாப்பாட்டுக்கு முன்னால் நான் டீ குடிப்பதில்லை, தண்ணீர் போதும். அந்த மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் உங்கள் தாள் பறக்காது.

நான் மெதுவாகச் சொல்கிறேன். நீங்களும் பெயர்களைப் பிழையில்லாமல் எழுதுங்கள். அன்று செல்லியம்மன் கோயிலில் இருந்தவர்கள்: அங்கமுத்து ஆகிய நான். என் மனைவி வேம்பு. என் மகன் தமிழ்மாறன், அரியலூர்ப் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையில் வேலை. அவன் மனைவி வெற்றிச்செல்வி. அவளுடைய தகப்பனார் ஆண்டவர், தாயார் சம்பூர்ணம். இவர்கள் இருவரும் வேப்பந்தட்டையிலிருந்து காலை பஸ்ஸில் வந்தார்கள். பூசாரி அய்யம்பெருமாள். வெற்றிச்செல்வியின் மடியில் எழிலன் என்ற பிள்ளை, இரண்டு வயது முடிந்து மூன்று நடந்தது. வேறு யாரும் இல்லை. ஊரே திரண்டு நின்றது என்று பின்னால் பேசிக்கொண்டார்கள். குடும்பத்து விஷயத்தை ஊர் நடுவில் வைக்கிறவன் நான் இல்லை.

என் குடும்பத்தைப் பற்றியும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் அப்பா அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனவர். அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'ஏய்' என்றால் அவர்தான் திரும்பிப் பார்ப்பார். நான் குன்னத்துக்குப் பக்கத்தில் மானாவாரி நிலம் வாங்கி, கிணறு வெட்டி, வெங்காயம் போட்டேன். டவுன் வியாபாரி என் களத்துக்கு வந்து, துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டு விலை கேட்டான். பஸ் கண்டக்டர் 'என்னங்க அங்கமுத்து, டவுனுக்குங்களா' என்பார். அந்த மரியாதை சும்மா வந்ததில்லை. அதைச் சம்பாதிக்க என் இடுப்பு ஒடிந்தது. அது ஒரு பேச்சில் போய்விடும் என்பதும் எனக்குத் தெரியும்.

தமிழ்மாறன் பிளஸ் ஒன் படிக்கும்போது அவனுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. கன்னத்து வீக்கம் வடிந்து, கீழே விதைப்பைக்கு இறங்கிவிட்டது. பெரம்பலூரில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவனை வெளியே உட்காரவைத்துவிட்டு டாக்டர் என்னிடம் தனியாகப் பேசினார். பிற்காலத்தில் பிள்ளை பிறப்பதில் சிக்கல் வரலாம் என்றார். கல்யாணத்துக்கு முன் ஒரு பரிசோதனை எடுத்துவிடச் சொன்னார். வேறு ஒன்றும் சொன்னார். அதைப் பிறகு சொல்கிறேன்.

பரிசோதனை எடுக்கவில்லை. அந்த லேபில் வேலை செய்தவன் எங்கள் பக்கத்து ஊர்க்காரன். என் மகன் சின்ன டப்பா ஒன்றைக் கையில் வாங்கிக்கொண்டு ஒரு கதவுக்குப் பின்னால் போவதை அவன் பார்ப்பான். அன்று மாலைக்குள் டீக்கடையில் சொல்லிவிடுவான். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. டாக்டர் சொன்னதை நான் வேம்புவிடமும் சொல்லவில்லை, மகனிடமும் சொல்லவில்லை.

தொண்ணூற்றாறில் கல்யாணம் செய்துவைத்தேன். மூன்று வருஷம் பிள்ளை இல்லை. வேம்பு வாய் சும்மா இருக்காது. ஒருநாள் மருமகள் அடுப்பு ஊதிக்கொண்டிருக்கும்போது, "வூட்டுக் கோழிகூட வருசத்துக்கு ரெண்டு தரம் அடை உக்காருது" என்றாள்.

வெற்றிச்செல்வி திரும்பாமலே, "சேவலயும் ஒரு வார்த்த கேட்டுப்புட்டு வாங்க அத்தை" என்றாள்.

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வேம்பு என்னைப் பார்த்தாள், நான் ஏதாவது கேட்பேன் என்று. நான் ரசம் ஊற்றச் சொன்னேன். ஆனால் அந்தப் பெண் சொன்ன வார்த்தையை நான் மறக்கவில்லை.

பிறகு அவள் உண்டானாள். தமிழ்மாறன் அரியலூரிலிருந்து ஒரு கிலோ ஜிலேபி வாங்கிவந்து தெரு முழுக்கக் கொடுத்தான். எனக்கும் ஒன்று கொடுத்தான். ஜிலேபி நன்றாக இருந்தது. அதைத் தின்றுகொண்டே, இது யாருடையதாக இருக்கும் என்று யோசித்தேன்.

தேடினேன் என்பதை ஒளிக்கவில்லை. மகன் வாரத்துக்கு ஒருநாள்தான் வீட்டுக்கு வருவான். மற்ற நாட்களில் அவள் எங்கே போகிறாள், யாரிடம் பேசுகிறாள் என்று கவனித்தேன். கிணற்றடி, காடு, கடை. வளையல்காரனிடம் பேரம் பேசுவாள், சிரிப்பாள். யாரும் அகப்படவில்லை. ஆள் அகப்படவில்லை என்பதால் ஆள் இல்லை என்று ஆகிவிடாது.

பிள்ளை பிறந்தது. வளர்ந்தது. நான் தூக்கவில்லை. பெயர் வைக்கிற அன்று மடியில் வைத்தார்கள், வேட்டி நனைந்துவிட்டது என்று எழுந்துகொண்டேன். அதற்குப் பிறகு யாரும் வற்புறுத்தவில்லை. நான் சத்தம் போட்டு எதையும் மறுப்பதில்லை. என் முகத்தைப் பார்த்தே வீட்டில் நடந்துகொள்வார்கள்.

ஒருநாள் வார விடுமுறைக்கு வந்த தமிழ்மாறன் கட்டிலில் படுத்துக்கொண்டு, பிள்ளையை வயிற்றின் மேல் ஏற்றிக்கொண்டு என்னைக் கேட்டான்: "அப்பா, இவன் யாரு மாதிரிப்பா இருக்கான்?"

நான் துண்டை எடுத்து உதறினேன்.

"சொல்லுங்கப்பா. ஆலையில ஒருத்தன் என்னப் போட்டு ஓட்டறான். வாரத்துல ஒருநா போறவனுக்கு எப்புடிறா குறி தப்பாம வுழுந்துச்சுங்கிறான்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் என் முகத்தையே பார்த்தான். நானும் சிரிக்க வேண்டும் என்று காத்திருந்தான். நான் சிரித்திருந்தால் அது அன்றோடு போயிருக்கும். அது எனக்கு அப்போதே தெரியும். பிள்ளையை உள்ளே விட்டுவிட்டு வரச் சொன்னேன். வந்தான். டாக்டர் சொன்னதைச் சொன்னேன், பிள்ளை பிறப்பதில் சிக்கல் என்பது வரை.

அவன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். பிறகு, "ஒங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும்?" என்றான்.

"கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியும்."

"அம்மா அவள அத்தன பேச்சுப் பேசுனப்பவும் தெரியுமா?"

அது கேட்க வேண்டிய கேள்வி இல்லை. ஆண்பிள்ளை கேட்க வேண்டிய கேள்வி வேறு. அவன் அதை அன்று சாயந்திரம் அவன் மனைவியிடம் கேட்டான். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் வெளியே வந்து என் முன்னால் நின்றாள். "எந்தக் கோயில்ல சத்தியம் பண்ணணும்னு நீங்களே சொல்லுங்க மாமா. வந்து பண்றேன்" என்றாள்.

ஆகவே சத்தியம் அவளாகக் கேட்டது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். எப்படிச் செய்வது, எதன் மேல் செய்வது, எவ்வளவு நாள் கெடு என்பதைத்தான் நான் தீர்மானித்தேன்.

எங்கள் பக்கத்தில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தால் அம்மன் கேட்பாள் என்று நம்பிக்கை. பொய் என்றால் கெடுவுக்குள் கேட்டுவிடுவாள், யார் மேல் சத்தியம் செய்தார்களோ அவர்களை எடுத்துக்கொள்வாள். பங்குனி மாதம் அது. அறுத்த வெங்காயத்தைப் பட்டறை போட்டிருந்தேன். சின்ன வெங்காயத்தைத் தாளோடு காயவைத்து, அடியில் கற்கள் பரப்பி, அதன்மேல் மூங்கில் தப்பை அடித்து அடுக்கி, சுற்றிலும் கழி கட்டி, மேலே சோளத்தட்டை வேய்ந்துவிட வேண்டும். காற்று போக வேண்டும், மழை போகக் கூடாது. என் பட்டறையில் வெங்காயம் அழுகியது என்று எந்த வியாபாரியும் சொன்னதில்லை. விலை ஏறும்வரை வைத்திருந்து, வைகாசியில் பிரிப்போம். அந்தப் பட்டறை பிரிப்பதற்குள் என்று கெடு வைத்தேன்.

எதன் மேல் என்பதில்தான் சம்பந்தி ஆண்டவர் தடுத்தார். "எம்பொண்ணு மேல இருக்கட்டும் சம்பந்தி. பச்சப்புள்ள மேல வேணாங்க" என்றார்.

"உண்மைன்னா என்னங்க பயம்?" என்றேன்.

சம்பூர்ணம் அழ ஆரம்பித்தார். வெற்றிச்செல்வி, "வுடுங்கப்பா. பெரியவுங்க ஆசப்படுறாங்க, பண்ணிட்டுப் போறேன்" என்றாள். சூடம் எரிந்தது. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, உள்ளங்கையால் சூடத்தை அமுக்கினாள். "இவன் எம்புருசனுக்குப் பொறந்தவன். நான் சொல்றது பொய்யின்னா, பட்டற பிரிக்கிறதுக்குள்ள இந்தப் புள்ளய ஆத்தா எடுத்துக்கட்டும்." சொல்லிவிட்டுக் கையை எடுத்தாள். கரி படிந்திருந்தது. பிள்ளை அந்தக் கரியைத் தொட்டுத் தன் மூக்கில் வைத்துக்கொண்டது. பூசாரி அய்யம்பெருமாள் சிரித்துவிட்டான்.

எழுந்திருக்கும் முன் அவள் இன்னொன்றும் செய்தாள். பிள்ளையின் இடது காலை என் பக்கம் நீட்டினாள். "மாமா, இந்த வெரலயாச்சும் ஒரு தரம் பாத்துடுங்க. ஒங்களுக்கு இருக்கிற மாதிரியே ஒட்டியிருக்குது."

நான் பார்க்கவில்லை. விரல் ஒட்டியவர்கள் ஊரில் எத்தனையோ பேர். மருமகள் நீட்டினாள் என்று அத்தனை பேர் முன்னால் நான் குனிந்து ஒரு பிள்ளையின் காலைப் பார்க்க முடியாது. குனிந்து பார்த்தால் நான் சொன்னது என்ன ஆகும்?

சித்திரை போயிற்று. ஒருதடவை பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. வேம்பு பயந்துபோய் அம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்தாள். மறுநாள் காய்ச்சல் இறங்கிவிட்டது. மகன் முதலில் வீட்டுக்கே வராமல் இருந்தான். பிறகு வந்தான். வந்தவன் வாசலோடு பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போனான். அதற்கடுத்த வாரம் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு காடு சுற்றினான். என்னிடம் வந்து, "ஆத்தா கேக்கலப்பா. இத்தோட வுட்டுடலாம்" என்றான். அவன் முகம் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது. பிள்ளை அவன் தலைமயிரைப் பிடித்து 'டுர்' என்று வண்டி ஓட்டிக்கொண்டிருந்தது.

என் நிலைமையை நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். பட்டறை பிரிந்து அந்தப் பிள்ளை நன்றாக இருந்தால், ஒரு குடும்பத்துப் பெண்ணை அம்மன் முன்னால் நிறுத்திப் பொய்ப்பழி போட்டவன் அங்கமுத்து என்று ஆகும். சம்பந்தி வீட்டார் முன்னால் நான் தலைகுனிய வேண்டும். அந்தப் பெண் கேட்காமல் இருந்தாலும், அவள் சோறு போடும்போதெல்லாம் நான் குனிந்துதான் சாப்பிட வேண்டும். என் அப்பா அப்படித்தான் சாப்பிட்டார், களத்து மூலையில்.

மறுநாள் வியாபாரி வண்டி கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தான். நான் முற்பகலில் போய் பட்டறையின் ஓரத் தட்டையைப் பிரிக்கத் தொடங்கினேன். ஓரத்தில் ஒரு கல்லை நகர்த்தினால், அடியில் செந்தேள். ஒன்று பெரியது, ஒன்று அதைவிடச் சின்னது. கோடையில் பட்டறைக் கல்லுக்குள் இருக்கும், புதிதில்லை. செருப்பால் நசுக்கிவிட்டு வேலையைப் பார்ப்போம். பெரியவர்களைக் கொட்டினால் கடுக்கும், ஒருநாளில் தணியும். சிறுபிள்ளைகளுக்குத் தணியாது. எங்கள் பக்கத்தில் இது எல்லோருக்கும் தெரியும்.

நான் நசுக்கவில்லை. கல்லைப் பழையபடி வைத்தேன், கொஞ்சம் ஏறுமாறாக.

பிள்ளை கிணற்றடியில் விளையாடிக்கொண்டிருந்தது. அவன் அம்மா துவைத்துக்கொண்டிருந்தாள். நான் கூப்பிட்டேன். "எழிலா, இங்க வா." அதுவரை நான் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நம்பாமல் அவன் அம்மாவைப் பார்த்தான். அவள், "போடா, தாத்தா கூப்புடுறாங்க பாரு" என்றாள். அவள் முகமும் மலர்ந்துதான் இருந்தது. ஓடிவந்தான், விழுந்து எழுந்து ஓடிவந்தான். தட்டையைப் பரப்பி அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தேன். ஒரு கை வெங்காயம் அள்ளி முன்னால் போட்டேன். கல்லின் மேல் ஒவ்வொன்றாக அடுக்கச் சொன்னேன். "எத்தன தாத்தா?" என்று கேட்டான். "இருக்கிறதெல்லாம்" என்றேன்.

பிறகு மாட்டுத் தொட்டிப் பக்கம் போய்த் தண்ணீர் குடித்தேன். நான் கை வைக்கவில்லை. அம்மன் வர ஒரு வழி வேண்டும், அந்த வழியில் இருந்து விலகி நின்றேன். அப்படித்தான் நினைத்தேன். சத்தம் கேட்டபோதும் சொம்பில் இருந்த தண்ணீரை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் திரும்பினேன்.

வேம்பு வேப்பிலை ஒடித்துக்கொண்டு ஓடிவந்தாள். அய்யம்பெருமாளைக் கூப்பிட்டு மந்திரித்தார்கள். பிள்ளைக்கு வேர்த்துக் கொட்டியது, கை கால் சில்லிட்டது. வெற்றிச்செல்வி, "எனக்கு மந்திரம் வேணாம், ஊசி போடணும்" என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாள். பெரம்பலூர் போகிற மதிய பஸ் வருகிற நேரம். அதை விட்டால் சாயந்திரம்தான். அவள் வண்டிப்பாதையில் ஓடினாள். நான் வரப்பு வழியே குறுக்கே போய் அவளுக்கு முன்னால் ரோட்டில் நின்றேன்.

பஸ் என்னைப் பார்த்து நின்றது. கண்டக்டர் படியில் நின்றபடி, "என்னங்க அங்கமுத்து, டவுனுக்குங்களா?" என்றார்.

"இல்லீங்க, சும்மாதான்."

"அங்க யாரோ ஓடியாராங்க போலருக்கே?"

"நம்ம மருமவதாங்க. கோவிச்சுக்கிட்டு ஆத்தா வூட்டுக்குப் போறேன்னு புள்ளயத் தூக்கிக்கிட்டு ஓடியாருது. ஏத்திராதீங்க. குடும்ப விசயம்."

"அட, நம்ம வூட்லயும் இதே கூத்துதாங்க. சமாதானம் பண்ணி அனுப்புங்க" என்று சிரித்து, விசில் கொடுத்தார். பஸ் போயிற்று. அவரிடம் நீங்கள் விசாரிக்கலாம், ஆனால் அவர் மேல் தப்பில்லை. என் வார்த்தைக்கு மரியாதை கொடுத்தார், அவ்வளவுதான்.

அவள் ரோட்டுக்கு வந்தபோது பஸ்ஸின் புழுதிதான் இருந்தது. என்னைப் பார்த்தாள். "நிறுத்தச் சொன்னீங்களா மாமா?" என்றாள். "சொன்னேன், நிக்கல" என்றேன். அவள் அங்கேயே நின்று, பிறகு வந்த சுண்ணாம்புக்கல் லாரி ஒன்றை மறித்து ஏறினாள். டவுனில் டாக்டர், கொஞ்சம் முன்னாலேயே கொண்டுவந்திருக்கலாமே என்றாராம்.

ஊர், அம்மன் கேட்டுவிட்டாள் என்றது. பட்டறை பிரிக்க ஒருநாள் இருக்கும்போது கேட்டாளே என்று வியந்தது. வெற்றிச்செல்வி அவள் அப்பாவோடு போய்விட்டாள். மாமனார்தான் பஸ்ஸை அனுப்பிவிட்டார் என்று அவள் அன்றும் சொன்னாள், இன்றும் வேப்பந்தட்டையில் ஒரு தையல் கடையில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறாளாம். யாரும் நம்பவில்லை. சூடம் அணைத்துப் பொய் சொன்னவள் பேச்சை யார் நம்புவார்கள்? தமிழ்மாறன் அரியலூரில் அறை எடுத்துத் தங்கிவிட்டான். பொங்கலுக்கும் வருவதில்லை. வேம்பு ஒரே ஒருதடவை கேட்டாள்: "அந்தக் கல்ல யாருங்க நவுத்துனது?" நாயாக இருக்கும் என்றேன். அதற்குப் பிறகு அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. போன ஐப்பசியில் போய்ச் சேர்ந்தாள்.

இது நடந்து ஐந்து வருஷம் ஆகிறது. இத்தனை நாள் கழித்து ஸ்டேஷனுக்கு ஏன் வந்தாய் என்று கேட்டீர்கள். மனசு உறுத்தி வந்தேன் என்று எழுத வேண்டாம், அப்படி இல்லை. நான் நன்றாகத்தான் தூங்குகிறேன்.

மகனுக்கு மறுகல்யாணத்துக்குப் பெண் பார்த்தேன். குன்னத்துக்கு அந்தப் பக்கம் ஒரு நல்ல இடம். தட்டு மாற்ற நாள் குறித்தாயிற்று. போன வாரம் தரகர் வந்து வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னார்: "அவுங்க வேணாங்கிறாங்க. மாப்புள்ளைக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து எல்லாம் போயிடுச்சாமே. மொதப் புள்ளையே அவருது இல்லியாமே. செல்லியாத்தாளே வந்து சொன்னதுக்கப்புறம் யாருங்க பொண்ணு குடுப்பாங்க?" அவர் என்னை 'ங்க' போட்டுத்தான் பேசினார். ஆனால் உட்காரவில்லை.

டாக்டர் சொன்ன இன்னொன்றைப் பிறகு சொல்கிறேன் என்றேனே. இதுதான் அது: "ஒரு பக்கம்தாங்க பாதிச்சிருக்கு, இன்னொரு பக்கம் நல்லா இருக்கு. அனேகமா ஒண்ணும் ஆகாது. எதுக்கும் பரிசோதனை எடுத்துக்குங்க." எனக்கு அது நன்றாக நினைவிருக்கிறது. எப்போதும் நினைவிருந்தது.

பிள்ளையைக் குழியில் இறக்கியவன் நான். தமிழ்மாறன் குழி விளிம்புவரை தூக்கிவந்து, என்னிடம் கொடுத்துவிட்டான். அன்றுதான் அவனை முதலில் நன்றாகத் தூக்கினேன். துணி விலகியிருந்தது, சரி செய்யக் குனிந்தேன். இடது கால், பெருவிரலுக்கு அடுத்த இரண்டும் நகம்வரை ஒட்டியிருந்தன. என் அப்பாவுக்கு அப்படி. எனக்கு அப்படி, வேண்டுமானால் செருப்பைக் கழற்றிக் காட்டுகிறேன். துணியை மூடி மண் தள்ளினேன்.

தேள் இருந்த கல், நான் அனுப்பிய பஸ், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அதற்கு என்ன தண்டனையோ எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஊரில் நடமாடுகிற அந்தப் பேச்சு பொய். என் மகன் தமிழ்மாறனிடம் ஒரு குறையும் இல்லை. அந்தப் பிள்ளை அவனுக்குப் பிறந்தவன். எழிலன் என் பேரன்.